ஜான் ஜே 1794இல் நாட்டை விட்டுக்கொடுத்தாரா?

கேள்வி இது: அமெரிக்காவின் முதல் தலைமை நீதிபதியான ஜான் ஜே, அந்தப் பதவியில் இருந்தபடியே லண்டனுக்குத் தூது போனார், அங்கே அவர் போட்ட ஒப்பந்தத்துக்காக ஊர் ஊராக அவருடைய உருவபொம்மையை எரித்தார்கள். அந்த ஒப்பந்தத்தில் அப்படி என்ன இருந்தது? உண்மையிலேயே விட்டுக்கொடுத்தாரா, இல்லை அதற்கு மேல் யாராலும் வாங்கியிருக்க முடியாதா?

கடல் வணிகத்தில் விட்டுக்கொடுத்தார். நிலத்தில், பத்தாண்டுக்கும் மேலாகக் கிடைக்காமல் இழுத்துக்கொண்டிருந்த ஒன்றை வாங்கினார். இரு தரப்பும் ஒத்துப்போகவே முடியாத பணக் கணக்குகளையும் எல்லைத் தகராறையும் நடுவர் ஆணையங்களிடம் தள்ளிவிட்டார். அன்று திட்டியவர்கள் இந்தக் கடைசி ஏற்பாட்டை நழுவல் என்றே பார்த்தார்கள். என் கணிப்பில் ஜே செய்த மிகச் சிறந்த வேலை அதுதான். அது ஏன் என்று புரிய, அவர் எந்தத் தொழிலிலிருந்து வந்தவர் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஜே பிறந்தது 1745 டிசம்பரில், நியூயார்க் நகரில். தந்தை வழி, பிரான்சின் லா ரொஷெல் நகரிலிருந்து மத ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்த ஹியூகனாட் (பிரெஞ்சு புராட்டஸ்டன்ட்) வணிகர்கள். தாய் வழி, வான் கோர்ட்லாண்ட் என்ற பழைய டச்சுக் குடும்பம். கிங்ஸ் கல்லூரியில், அதாவது இன்றைய கொலம்பியா பல்கலைக்கழகத்தில், 1764இல் பட்டம் பெற்றார். அந்தக் காலத்து அமெரிக்காவில் சட்டக் கல்லூரி கிடையாது. மூத்த வக்கீல் ஒருவரிடம் சேர்ந்து, பத்திரங்களையும் மனுக்களையும் கையால் படியெடுத்தே தொழிலைக் கற்க வேண்டும். ஜே அப்படிச் சேர்ந்தது பெஞ்சமின் கிஸ்ஸம் என்பவரின் அலுவலகத்தில். 1768இல் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டு, ராபர்ட் லிவிங்ஸ்டனுடன் கூட்டாகத் தொழில் நடத்தினார்.

1769இல் நியூயார்க், நியூஜெர்சி என்ற பிரிட்டிஷ் குடியேற்றங்களின் (காலனிகளின்) எல்லைத் தகராறைத் தீர்க்க அமைந்த ஆணையத்துக்கு எழுத்தராக இருந்தார். வாழ்க்கை வரலாறுகளில் இது பெரும்பாலும் ஒரு வரிதான். ஆனால் பழைய வரைபடங்களையும் சாசனங்களையும் மேசையில் விரித்து, இரு தரப்பு வாதத்தையும் பதிவு செய்து, சண்டைக்கு வெளியே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் ஓர் ஏற்பாட்டை இருபத்து மூன்று வயதில் அருகிலிருந்து பார்த்தவர் அவர். இருபத்தைந்து ஆண்டு கழித்து லண்டனில் அவர் எடுத்த கருவியும் அதுவே.

பிரிட்டனுக்கு எதிரான புரட்சியை நோக்கி அவர் மெதுவாகத்தான் நகர்ந்தார். 1774இல், குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடிய முதல் கான்டினென்டல் காங்கிரசில் உறுப்பினர். பிரிட்டன் மக்களுக்கு அந்தக் காங்கிரஸ் விடுத்த அறிக்கையை எழுதியவர். கடைசி வரை சமரசம் தேடியவர். சுதந்திரப் பிரகடனத்தில் அவர் கையெழுத்து இல்லை. அந்த நாட்களில் அவர் நியூயார்க் மாகாணக் காங்கிரஸ் பணியில் இருந்தார். பிரிவது என்று முடிவான பிறகு தயக்கம் காட்டவில்லை. 1777இல் நியூயார்க் மாநில அரசியலமைப்பை வரைந்ததில் பெரும் பங்கு அவருடையது. அதன் கீழ் மாநிலத்தின் முதல் தலைமை நீதிபதியும் ஆனார். 1778 டிசம்பரில் கான்டினென்டல் காங்கிரசின் தலைவரானார். அடுத்த செப்டம்பரில் ஸ்பெயினுக்குத் தூதராக அனுப்பினார்கள்.

ஸ்பெயின் அவருக்குக் கசப்பான பள்ளி. மாட்ரிட் அரசு அவரைத் தூதராக ஏற்கவே இல்லை. கைநிறையக் குடியேற்றங்கள் வைத்திருக்கும் ஒரு பேரரசு, கலகம் செய்து பிரிந்த குடியேற்றத்தை அங்கீகரித்தால் தன் வீட்டிலேயே அது முன்னுதாரணமாகிவிடும் என்ற பயம். இதற்கு நடுவில் கான்டினென்டல் காங்கிரஸ் இன்னொரு சிக்கலையும் அவர் தலையில் கட்டியது. ஸ்பெயின் கடன் கொடுக்கும் என்ற நம்பிக்கையில், அவர் அங்கே போய்ச் சேரும் முன்பே, 1,00,000 பவுண்டுக்கு அவர் பெயரில் உண்டியல் (அவர் பணம் கொடுத்துத் தீர்க்க வேண்டிய பணச்சீட்டு) எழுதி விற்கத் தீர்மானித்துவிட்டது. உண்டியல்கள் ஒவ்வொன்றாக மாட்ரிட் வந்து சேர்ந்தன. அமைச்சர் ஃப்ளோரிடாபிளாங்கா நாள் கடத்தினார். மொத்தத்தில் கிடைத்தது சுமார் 1,70,000 டாலர். 1782 மார்ச்சில் உண்டியல்கள் பணமில்லாமல் திரும்பின; பாரிசில் அமெரிக்கத் தூதராக இருந்த ஃபிராங்க்ளின் பணம் அனுப்பி மானத்தைக் காப்பாற்றினார். நண்பன் என்று சொல்லிக்கொள்ளும் அரசும் தன் நலனைத்தான் முதலில் பார்க்கும் என்ற பாடம் ஜேயின் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது. அதன் விளைவைப் பாரிசில் பார்க்கலாம்.

1782 ஜூனில் சமாதானப் பேச்சுக்காகப் பாரிஸ் வந்தார். பிரிட்டன் அனுப்பியிருந்தவர் ரிச்சர்ட் ஓஸ்வால்ட், வயதான வணிகர். அவர் கொண்டுவந்த அதிகாரப் பத்திரத்தில், எதிர்த் தரப்பு 'குடியேற்றங்கள் அல்லது தோட்டங்கள்' என்று குறிப்பிடப்பட்டிருந்தது. ஃபிராங்க்ளினுக்கு அது பெரிதாகப் படவில்லை. ஜே உட்கார மறுத்தார். அவர் வாதம் வக்கீல் வாதம்: சுதந்திரம் என்பது ஒப்பந்தத்தால் பிரிட்டன் தரும் பொருள் என்று ஆகிவிட்டால் அதற்கு விலை கேட்பார்கள், சுதந்திர நாடு என்று ஏற்றுக்கொண்டே பேச வந்தால் எல்லை, மீன்பிடி, கடன் மட்டும்தான் பேசுபொருள். செப்டம்பர் 21 தேதியிட்டுப் புதிய பத்திரம் வந்தது. அதில் 'ஐக்கிய அமெரிக்க நாடுகள்' என்றே இருந்தது.

இந்தப் பிடிவாதத்துக்கு விலை இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வாரங்கள் கழிந்தன. இடையில், செப்டம்பர் 13 அன்று ஜிப்ரால்டர் மீது பிரான்சும் ஸ்பெயினும் நடத்திய பெருந்தாக்குதல் தோற்றது. செய்தி லண்டன் எட்டியதும் பிரிட்டனின் குரல் உயர்ந்தது. ஓஸ்வால்டைக் கண்காணிக்க ஹென்றி ஸ்ட்ரேச்சியை அனுப்பினார்கள். ஜே முதலில் ஒத்துக்கொண்டிருந்தால் எல்லை இன்னும் தாராளமாகக் கிடைத்திருக்கும் என்று வாதிடும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. அந்த வாதத்தை ஒதுக்க முடியாது.

அதே மாதம் இன்னொன்றும் நடந்தது. பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் வெர்ஜென்னின் செயலாளர் ரெய்னெவால் ரகசியமாக இங்கிலாந்து போனார். அவர் ஏற்கெனவே ஜேயிடம், அப்பலாச்சிய மலைகளுக்கும் மிசிசிப்பி ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலத்தை ஸ்பெயினுடன் பங்கிடும் திட்டம் ஒன்றைக் காட்டியிருந்தார். தங்கள் முதுகுக்குப் பின்னால் பேரம் நடக்கிறது என்று ஜே முடிவு செய்தார். பிரான்சுக்குத் தெரியாமல் எதுவும் செய்யக் கூடாது என்பது 1781இல் கான்டினென்டல் காங்கிரஸ் கொடுத்த கட்டளை. அதை மீறி, பெஞ்சமின் வாகன் என்ற ஆங்கிலேயரைப் பிரதமர் ஷெல்பர்னிடம் தூது அனுப்பி, தனியாகப் பேசத் தயார் என்று தெரிவித்தார். பிறகு வந்த இன்னொரு அமெரிக்கத் தூதர் ஜான் ஆடம்சும் அவர் பக்கம் நின்றார். நவம்பர் 30 அன்று முதல்நிலை உடன்பாடு கையெழுத்தானது. மேற்கு எல்லை மிசிசிப்பி என்று நின்றது. அதுவே 1783 செப்டம்பர் 3 அன்று பாரிஸ் ஒப்பந்தமாக உறுதியானது.

பாரிஸ் ஒப்பந்தத்தின் சில ஷரத்துகள்தான் பின்னால் புண்ணாகிப் போனவை. நான்காவது ஷரத்து: இரு பக்கக் கடன்காரர்களும் தங்கள் கடனை வசூலிக்கச் சட்டத் தடை இருக்கக் கூடாது. ஏழாவது: பிரிட்டிஷ் படை தாமதமின்றி வெளியேற வேண்டும், நீக்ரோக்களையோ வேறு சொத்தையோ கொண்டுபோகக் கூடாது. இரண்டும் நடக்கவில்லை. வர்ஜீனியா போன்ற மாநிலங்கள் பிரிட்டிஷ் வணிகர்களின் வழக்குகளை நீதிமன்றத்துக்குள் விடவில்லை. பிரிட்டன், அமெரிக்க எல்லைக்குள் வந்துவிட்ட டிட்ராய்ட், நயாகரா, ஓஸ்வேகோ, மிஷிலிமாக்கினாக் கோட்டைகளைக் காலி செய்யவில்லை. பிரிட்டிஷ் தரப்பில் அடைக்கலம் புகுந்த ஆயிரக்கணக்கான கறுப்பின மக்களை, விடுதலை என்று கொடுத்த வாக்கை மதித்துக் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள்.

1784 டிசம்பரிலிருந்து ஜே வெளியுறவுச் செயலர். அந்தப் பதவியில் அவர் செய்த மிகத் துணிச்சலான காரியம் ஓர் அறிக்கை. 1786 அக்டோபரில், எந்த மாநிலச் சட்டம் பாரிஸ் ஒப்பந்தத்தின் எந்த ஷரத்தை மீறுகிறது என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, முதலில் மீறியது நாம்தான் என்று தன் சொந்த அரசுக்கே எழுதிக் கொடுத்தார். ஒப்பந்தம் நாட்டின் சட்டம், மாநிலங்கள் அதைத் திருத்தவோ விளக்கவோ முடியாது என்பது அவர் வைத்த நிலை. கான்டினென்டல் காங்கிரஸ் 1787இல் அதை ஏற்று மாநிலங்களுக்கு வேண்டுகோள் விடுத்தது. வேண்டுகோள் விடுக்கத்தான் முடிந்தது, கட்டாயப்படுத்த அதிகாரம் இல்லை. அதே ஆண்டு எழுதப்பட்ட அரசியலமைப்பின் ஆறாம் பிரிவில், ஏற்கெனவே செய்த ஒப்பந்தங்களும் இனிச் செய்பவையும் நாட்டின் உச்சச் சட்டம் என்று வந்தது. அந்த 'ஏற்கெனவே செய்த' என்ற சொற்கள் 1783 ஒப்பந்தத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை.

இதே பதவியில் ஒரு தவறான கணக்கும் உண்டு. ஸ்பெயின் தூதர் கார்டோகியுடன் பேசி, வணிகச் சலுகைக்குப் பதிலாக மிசிசிப்பியில் படகு விடும் உரிமையைச் சுமார் 25 ஆண்டுக்கு விட்டுவைக்கலாம் என்று பரிந்துரைத்தார். தெற்கு மாநிலங்கள் கொதித்தன. காங்கிரசில் ஏழுக்கு ஐந்து என்று ஆதரவு கிடைத்தாலும் ஒப்பந்தத்துக்கு ஒன்பது மாநிலங்கள் தேவை, திட்டம் செத்தது. ஆனால் ஜே என்றால் கிழக்குக் கடற்கரை வணிகர்களுக்காக மேற்கை விற்பவர் என்ற சந்தேகம் அன்றிலிருந்து தொடங்கியது. 1795இல் தெற்கிலும் மேற்கிலும் வெடித்த கோபத்துக்கு வெடிமருந்து அப்போதே இடப்பட்டுவிட்டது.

புதிய அரசியலமைப்புக்கு ஆதரவாக வந்த 85 ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் ஜே எழுதியவை ஐந்து. இடையில் நோயில் விழுந்தார். அவற்றில் 64ஆம் கட்டுரை, ஒப்பந்தங்களுக்கு செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்பதையும், பேச்சுவார்த்தையில் ரகசியம் ஏன் தேவை என்பதையும் விளக்குவது. அதை எழுதியபோது அந்த விதி தன் கழுத்துக்கே வரும் என்று அவர் எண்ணியிருக்க வாய்ப்பில்லை.

1789 செப்டம்பரில் வாஷிங்டன் அவரைத் தலைமை நீதிபதியாக நியமித்தார். ஆண்டுச் சம்பளம் 4,000 டாலர். இன்றைய உச்ச நீதிமன்றத்தை வைத்து அதைக் கற்பனை செய்யக் கூடாது. 1790 பிப்ரவரியில் முதல் அமர்வு கூடியபோது விசாரிக்க வழக்கே இல்லை. ஆறு நீதிபதிகளும் ஆண்டுக்கு இரு முறை வட்ட நீதிமன்றங்களுக்குப் பயணம் போக வேண்டும், குதிரையிலும் வண்டியிலும், மோசமான சாலைகளில். தங்குவது சத்திரங்களில். ஒரு வழக்கை வட்டத்தில் கேட்ட நீதிபதியே மேல்முறையீட்டிலும் உட்கார நேரிடும் என்பது அதைவிடப் பெரிய குறை.

வழக்குகள் குறைவு என்றாலும் இரண்டு முடிவுகள் இன்றும் நிற்கின்றன அல்லது பேசப்படுகின்றன. 1793இல் சிஸ்ஹோம் எதிர் ஜார்ஜியா வழக்கில், ஒரு மாநிலத்தின் மீது பிற மாநிலக் குடிமகன் வழக்குத் தொடரலாம் என்று நால்வர் தீர்ப்பளித்தார்கள். அயர்டெல் ஒருவர் மட்டும் மாறுபட்டார். இறையாண்மை மக்களிடம் இருக்கிறது, மாநில அரசிடம் அல்ல என்பது ஜேயின் அடித்தளம். மாநிலங்கள் பதறிப்போய், 1795இல் பதினோராவது திருத்தம் மூலம் அந்தத் தீர்ப்பையே செல்லாததாக்கின. இரண்டாவது, அதே 1793இல் பிரான்சும் பிரிட்டனும் போரில் இறங்கியபோது, நடுநிலை பற்றி 29 கேள்விகளை வெளியுறவு அமைச்சர் ஜெஃபர்சன் வழியாக வாஷிங்டன் அனுப்பி நீதிபதிகளின் கருத்தைக் கேட்டார். ஆகஸ்டில் ஜேயும் மற்றவர்களும் மறுத்தார்கள்: வழக்காக வராத ஒன்றுக்குக் கருத்துச் சொல்வது எங்கள் வேலை அல்ல. கூட்டாட்சி நீதிமன்றங்கள் ஆலோசனைக் கருத்து தருவதில்லை என்ற வழக்கம் இன்றும் அதிலிருந்துதான் நடக்கிறது. இந்திய அரசியலமைப்பின் 143ஆம் பிரிவில் குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்கலாம். அமெரிக்காவில் அந்த வாசல் இல்லாததற்குக் காரணம் அந்தக் கடிதம்.

இனி 1794. பழைய புண்கள் எல்லாம் திறந்தே இருந்தன. மேலே புதிதாக ஒன்று. 1793 நவம்பரில் பிரிட்டன் பிறப்பித்த ஆணையின் கீழ், பிரெஞ்சு மேற்கிந்தியத் தீவுகளுடன் வணிகம் செய்த சுமார் 250 அமெரிக்கக் கப்பல்கள் பிடிக்கப்பட்டன. மாலுமிகளைப் பிரிட்டிஷ் பிரஜைகள் என்று சொல்லிக் கடற்படையில் வலுக்கட்டாயமாகச் சேர்த்தார்கள். போர் வந்துவிடும் நிலை. அமெரிக்காவிடம் கடற்படை என்று சொல்ல எதுவும் இல்லை. அரசின் வருமானத்தில் பெரும் பங்கு இறக்குமதித் தீர்வை. அந்த இறக்குமதியில் பெரும் பங்கு பிரிட்டிஷ் சரக்கு. போர் என்றால் கஜானா முதல் நாளே காலி. ஜே மேசையில் உட்கார்ந்தபோது அவர் கையில் என்ன இருந்தது என்று கேட்பவர்கள் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஏப்ரல் 19 அன்று செனட் 18க்கு 8 என்று அவர் நியமனத்தை ஏற்றது. தலைமை நீதிபதி தூதராகலாமா என்ற எதிர்ப்பு நியாயமானது: தான் போடும் ஒப்பந்தம் நாளை தன் முன்னாலேயே வழக்காக வருமே. மே 12 அன்று கப்பலேறினார். கட்டளைகளின் உள்ளடக்கம் பெரும்பாலும் நிதியமைச்சர் ஹாமில்டனின் சிந்தனை. மாறக் கூடாதவை இரண்டு: பிரான்சுடனான ஒப்பந்தக் கடமைகளுக்கு விரோதமாக எதுவும் கூடாது, மேற்கிந்தியத் தீவுகளில் அமெரிக்கக் கப்பல்களுக்கு இடம் கிடைக்காமல் வணிக ஒப்பந்தம் கூடாது. தேவைப்பட்டால் ஸ்வீடன், டென்மார்க் நாடுகளின் ஆயுத நடுநிலைக் கூட்டணியில் சேரலாம் என்று மிரட்டும் வாய்ப்பும் அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. ஆனால் அமெரிக்கா அதில் சேராது என்று ஹாமில்டனே பிரிட்டிஷ் தூதர் ஹாமண்டிடம் சொல்லிவிட்டார். பேரத்துக்கு வைத்திருந்த ஒரே சீட்டை வீட்டிலிருந்தே எதிராளிக்குக் காட்டிவிட்டார்கள். இதற்கு ஜேயைக் குறை சொல்ல முடியாது.

வெளியுறவு அமைச்சர் கிரென்வில்லுடன் பேசி நவம்பர் 19 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்தில் 28 ஷரத்துகள். முக்கியமானவை மட்டும்.

இரண்டாவது: கோட்டைகளை 1796 ஜூன் 1க்குள் காலி செய்ய வேண்டும். 1783இல் 'தாமதமின்றி' என்று எழுதி ஏமாந்த இடத்தில் இம்முறை ஒரு தேதி. வெறும் சொல்லாக விட்டால் என்ன ஆகும் என்று ஜேக்குத் தெரியும்.

ஆறு, ஏழு: போருக்கு முந்தைய பிரிட்டிஷ் கடன்களுக்கு ஓர் ஆணையம், பிடிபட்ட அமெரிக்கக் கப்பல்களுக்கு ஓர் ஆணையம். ஒவ்வொன்றிலும் ஐந்து பேர். இரு நாடும் தலா இருவரை நியமிக்கும். ஐந்தாமவரை நால்வரும் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். முடியாவிட்டால் ஆளுக்கொரு பெயர் கொடுத்துத் திருவுளச்சீட்டு. ஐந்தாவது ஷரத்து மூன்று பேர் கொண்ட தனி ஆணையத்தை செயின்ட் குரோய் ஆறு எது என்று தீர்மானிக்க அமைத்தது. 1783 ஒப்பந்தம் அந்த ஆற்றை எல்லை என்று எழுதிவிட்டது, ஆனால் எந்த ஆறு என்று இரு தரப்புக்கும் ஒத்துப்போகவில்லை.

பன்னிரண்டாவது ஜேயின் மோசமான ஷரத்து. மேற்கிந்தியத் தீவுகளுக்கு அமெரிக்கக் கப்பல்கள் போகலாம், ஆனால் 70 டன்னுக்கு மேல் இருக்கக் கூடாது; கரையோரப் படகு அளவு அது. பதிலுக்கு, சர்க்கரைப் பாகு, சர்க்கரை, காப்பி, கொக்கோ, பருத்தி ஆகியவற்றை அமெரிக்காவைத் தவிர உலகில் வேறெங்கும் அமெரிக்கக் கப்பல்கள் கொண்டுபோகக் கூடாது. பருத்தி விதை நீக்கும் இயந்திரம் வந்து ஓர் ஆண்டுதான் ஆகியிருந்தது. தெற்கின் எதிர்காலமே பருத்தி என்பதை ஜே உணரவில்லை. அவருக்குக் கொடுத்த கட்டளையின் எழுத்துக்கு இது பொருந்தலாம், நோக்கத்துக்குப் பொருந்தாது.

பதின்மூன்றாவது நமக்கு நெருக்கமானது. கிழக்கிந்தியாவில் பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட துறைமுகங்களில், அதாவது மதராஸ், கல்கத்தா, பம்பாய் போன்றவற்றில், அமெரிக்கக் கப்பல்கள் வணிகம் செய்யலாம். சரக்குத் தீர்வை பிரிட்டிஷ் கப்பலுக்கு உள்ளதைவிட அதிகம் கூடாது. நிபந்தனைகள்: ஏற்றிய சரக்கை நேரே அமெரிக்காவில்தான் இறக்க வேண்டும், இந்தியக் கரையோர வணிகம் கூடாது, அரசின் அனுமதியின்றிக் குடியேறவோ உள்நாட்டுக்குப் போகவோ கூடாது, போர்க்காலத்தில் ஆயுதத் தளவாடம், கப்பல் தளவாடம், அரிசி ஆகியவற்றைத் தனி அனுமதியின்றி ஏற்றக் கூடாது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகத்தால் சாதாரண ஆங்கில வணிகனுக்கே இல்லாத உரிமை இது. அதுவரை கம்பெனி அதிகாரிகளின் தயவில் வந்துபோன அமெரிக்கக் கப்பல்களுக்கு எழுத்தில் உரிமை கிடைத்தது. ஜேயை விட்டுக்கொடுத்தவர் என்று சொல்பவர்கள் இந்த ஷரத்தைப் பெரும்பாலும் படிப்பதே இல்லை.

17, 18: நடுநிலைக் கப்பலில் உள்ள எதிரிச் சரக்கைப் பிடிக்கலாம்; உணவுப் பொருளைக்கூட, பணம் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். 1778இல் பிரான்சுடன் எழுதிய ஒப்பந்தத்தில் அமெரிக்கா எடுத்த நிலை இதற்கு நேர் எதிர். பிரான்ஸ் இதைத் துரோகமாகவே எடுத்துக்கொண்டது. 1798இல் தொடங்கிய அறிவிக்கப்படாத கடற்போருக்கு இது ஒரு நேரடிக் காரணம்.

இல்லாதவை இரண்டு. மாலுமிகளை வலுக்கட்டாயமாகச் சேர்ப்பது பற்றி ஒரு சொல் இல்லை. போரில் போய்விட்ட அடிமைகளுக்கான இழப்பீடும் இல்லை. இரண்டாவதில் ஜேயின் மனசாட்சியும் கலந்திருந்தது: விடுதலை தருவதாக வாக்குக் கொடுத்து அழைத்துச் சென்ற மனிதர்களை மீண்டும் எஜமானர்களிடம் ஒப்படைப்பது கொடுமை என்று 1786 அறிக்கையிலேயே எழுதியிருந்தார், உரிமையாளர்களுக்குப் பிரிட்டன் பணம் கொடுக்கலாம் என்பதே அன்று அவர் சொன்ன வழி. கிரென்வில் அந்தப் பணத்துக்கும் இணங்கவில்லை, ஜே கைவிட்டார். தெற்கின் தோட்ட முதலாளிகள் அதை மன்னிக்கவில்லை.

ஒப்பந்தம் 1795 மார்ச் 7 அன்று பிலடெல்பியா வந்தது. செனட் ஜூனில் மூடிய கதவுக்குள் கூடி, 12ஆம் ஷரத்தை நிறுத்திவைத்து, ஜூன் 24 அன்று 20க்கு 10 என்று ஒப்புதல் தந்தது. சரியாக மூன்றில் இரண்டு பங்கு. ஒரு வாக்கு மாறியிருந்தால் ஒப்பந்தம் இல்லை. வர்ஜீனியா செனட்டர் மேசன் பிரதியைப் பேச் என்ற பத்திரிகையாளரிடம் கொடுத்துவிட, நாடெங்கும் தீ பற்றியது. உருவபொம்மைகள் எரிந்தது இந்தக் கோடையில்தான். நியூயார்க்கில் ஒப்பந்தத்தை ஆதரித்துப் பேச எழுந்த ஹாமில்டன் மீது கல் விழுந்தது. வாஷிங்டன் தயங்கி, ஆகஸ்டில் கையெழுத்திட்டார். அதோடும் முடியவில்லை. 1796 வசந்தத்தில் பிரதிநிதிகள் சபை, ஒப்பந்தத்தை நிறைவேற்றத் தேவையான பணத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, பேச்சுவார்த்தை ஆவணங்களைக் கேட்டது. வாஷிங்டன் தர மறுத்தார். ஏப்ரல் 30 அன்று 51க்கு 48 என்று பணம் நிறைவேறியது.

ஜூலையில் டிட்ராய்ட் கைமாறியது. மறுபுறம், பிரிட்டனும் அமெரிக்காவும் சேர்ந்துவிடுமோ என்று அஞ்சிய ஸ்பெயின் 1795 அக்டோபரிலேயே அமெரிக்கத் தூதர் தாமஸ் பிங்க்னியுடன் ஒப்பந்தம் செய்து மிசிசிப்பியைத் திறந்துவிட்டது. கார்டோகியிடம் ஜே பத்தாண்டுக்கு முன் பெற முடியாததை, ஜேயின் ஒப்பந்தம் ஏற்படுத்திய அச்சமும் சேர்ந்து பெற்றுத் தந்தது.

ஆணையங்கள் எப்படி வேலை செய்தன என்பதுதான் உண்மையான சோதனை. பிலடெல்பியாவில் கூடிய கடன் ஆணையத்தில் சீட்டு பிரிட்டன் பக்கம் விழுந்தது. மூன்றுக்கு இரண்டு என்று தொடர்ந்து தோற்ற அமெரிக்க உறுப்பினர்கள் 1799இல் வெளிநடப்புச் செய்தார்கள். அத்தோடு ஆணையம் முடங்கியது. கடைசியில் இரு அரசுகளும் நேரடியாகப் பேசி 1802இல் 6,00,000 பவுண்டு என்று தொகை முடித்தன. கோரிக்கைகள் 50 லட்சம் பவுண்டுக்கு மேல் இருந்தவை. இந்த வடிவத்தின் ஓட்டை இங்கே தெரிகிறது: ஐந்தாமவர் ஏதாவது ஒரு நாட்டுக்காரராகவே இருந்தால், சீட்டு விழும் நாளிலேயே பாதித் தீர்ப்பு முடிந்துவிடுகிறது. லண்டனில் கூடிய கப்பல் ஆணையத்தில் சீட்டு அமெரிக்கா பக்கம் விழுந்தது. ஐந்தாமவர் ஓவியர் ஜான் டிரம்புல், ஜேயின் செயலாளராக லண்டன் வந்தவர். இடையில் நிறுத்தப்பட்டாலும் 1804 வரை வேலை நடந்தது. அமெரிக்கக் கப்பல் உரிமையாளர்களுக்கு ஒரு கோடி டாலருக்கும் மேல் கிடைத்தது. போர் செய்திருந்தால் இந்தப் பணத்தில் ஒரு காசு வந்திருக்காது.

செயின்ட் குரோய் ஆணையம்தான் மூன்றிலும் அழகாக முடிந்தது. மூன்றாம் உறுப்பினராக இரு தரப்பும் ஒப்பியது நியூயார்க்கின் எக்பர்ட் பென்சனை. 1604இல் பிரெஞ்சுக்காரர்கள் குடியேறிய தீவு எது என்று தெரிந்தால் அவர்கள் செயின்ட் குரோய் என்று அழைத்த ஆறு எது என்று தெரிந்துவிடும். பிரெஞ்சுப் பயணி ஷாம்ப்ளேனின் பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒரு சிறு தீவைத் தோண்டினார்கள். கட்டட அடித்தளங்கள் கிடைத்தன. 1798இல் தீர்ப்பு, இரு நாடும் ஏற்றன. அந்த எல்லை இன்றும் அதுவே.

ஜே திரும்பி வந்தபோது நியூயார்க் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். ஒப்பந்தத்தின் வாசகம் வெளியாகும் முன்பே தேர்தல் முடிந்தது அவர் அதிர்ஷ்டம். 1792இல் இதே பதவிக்கு நின்று, மூன்று மாவட்ட வாக்குகள் நடைமுறைக் குறை காட்டித் தள்ளப்பட்டதால் அன்றைய ஆளுநர் ஜார்ஜ் கிளின்டனிடம் 108 வாக்கில் தோற்றவர் அவர். 1795 ஜூன் இறுதியில் தலைமை நீதிபதி பதவியைத் துறந்தார். ஆளுநராக அவர் கையெழுத்திட்ட 1799 சட்டப்படி, அந்த ஜூலை 4க்குப் பிறகு அடிமைத் தாய்க்குப் பிறக்கும் குழந்தைகள் விடுதலை பெறுவார்கள். ஆனால் ஆண் 28 வயது வரையும் பெண் 25 வயது வரையும் தாயின் எஜமானருக்கு உழைக்க வேண்டும். நியூயார்க் அடிமை விடுவிப்புச் சங்கத்தின் முதல் தலைவர் ஜே. அதே நேரம் தாமே அடிமைகளை வைத்திருந்தவர். 1783இல் பாரிசில் அவர் குடும்பத்தோடு இருந்த அபிகெயில் என்ற அடிமைப் பெண் தப்பி ஓட, பிடித்துச் சிறையில் வைத்தார்கள். அங்கே நோய்வாய்ப்பட்டு இறந்தார். சட்டத்தைப் பாராட்டுபவர்கள் இதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

1800 டிசம்பரில், அப்போது குடியரசுத் தலைவராக இருந்த ஆடம்ஸ் அவரை மீண்டும் தலைமை நீதிபதியாக நியமித்தார், செனட்டும் ஏற்றது. ஜே மறுத்தார். நீதித் துறைக்கு வலுவும் கண்ணியமும் தராத அமைப்பில் மறுபடி உட்கார விருப்பமில்லை என்று எழுதினார். உடல்நலமும் ஒரு காரணம். அந்த நாற்காலிக்கு ஜான் மார்ஷல் வந்தார். ஜே பெட்ஃபோர்டில் இருந்த தன் பண்ணைக்குப் போய், 1829 மே 17 அன்று 83 வயதில் இறந்தார்.

ஒப்பந்தத்தை மூலத்தில் படிக்க விரும்புபவர்களுக்கு ஒரு வழி. முதலில் கடைசி ஷரத்தைப் படியுங்கள்: முதல் பத்து ஷரத்துகள் நிரந்தரம், வணிகம் சார்ந்த மற்றவை பெரும்பாலும் 12 ஆண்டு மட்டும் என்று அங்கேதான் இருக்கிறது. அதன்படி கடல் வணிகப் பகுதி 1807இல் காலாவதியானது; அதைப் புதுப்பிக்க தூதர்கள் மன்றோவும் வில்லியம் பிங்க்னியும் 1806இல் கொண்டுவந்த ஒப்பந்தத்தை, மாலுமிகள் பிரச்சினைக்கு அதில் தீர்வு இல்லை என்று குடியரசுத் தலைவராகியிருந்த ஜெஃபர்சன் செனட்டுக்கே அனுப்பவில்லை; 1812இல் போர் வந்தது. பிறகு 2, 5, 6, 7. பன்னிரண்டைப் படிக்கும்போது அது நடைமுறைக்கு வரவே இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஜேயைத் திட்டும் பல கட்டுரைகள் அதை மறந்துவிடுகின்றன. மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். எல்லையின் இரு பக்கமும் வாழும் பூர்வகுடி மக்கள் தடையின்றிக் கடக்கலாம் என்று சொல்லும் அந்த ஷரத்தின் அடிப்படையில் கனடாவில் பிறந்த பூர்வகுடியினருக்கு அமெரிக்கச் சட்டம் இன்றும் நுழைவுரிமை தருகிறது. கனடா உச்ச நீதிமன்றமோ 1956இல் தன் பக்கத்தில் அதற்குச் சட்ட வலு இல்லை என்று தீர்ப்பளித்தது.